ஒரு சாண் மதில்

புல்ஹெட் மீனின் படத்தை வகுப்பில் காட்டியதும் ஒரு பிள்ளை கேட்ட முதல் கேள்வி: “சேர், இதத் தின்ன ஏலுமா?”

ஐரோப்பிய ஓடைகளில் கற்களுக்கடியில் வாழும் விரல் நீள மீன் அது. பெரிய தலை. வயிற்றில் காற்றுப்பை இல்லை. அதனால் அடித்தரையோடு ஒட்டித் தத்தித் தத்தித்தான் போகும். கல்லின் அடியில் பெண்மீன் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போக, ஆண்மீன் செட்டையால் விசிறிக்கொண்டு குஞ்சு பொரிக்கும்வரை காவலிருக்கும்.

ஓடைக்குக் குறுக்கே ஒரு சாண் உயரத்துக்குக் கட்டினாலே இந்த மீனால் மேலே ஏற முடியாது. கட்டியவருக்கு அது சின்னப் படி, மீனுக்கு மதில். வெள்ளம் கீழே அடித்துச் சென்றால் திரும்பிவர வழியில்லை.

1992இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த மீனையும் சேர்த்தது. சந்தையில் விலைபோகாத ஓர் உயிருக்காகச் சட்டம் செய்தது நல்ல விஷயம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் மீன் மேலே ஏறிவிடாது. யாருக்கும் பயன்படாத பழைய தடுப்புகளை அகற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

பாடம் முடிந்ததும் அதே பிள்ளை வந்து கேட்டான்: “சேர், அந்த மதில உடைச்சிட்டாங்களா?”

சில இடங்களில் உடைத்துவிட்டார்கள் மகன். பல இடங்களில் இன்னும் இல்லை.