தகவல் சொன்னவர் பெயர்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே புதுச்சேரி நோக்கிச் செல்லும் சாலையிலுள்ள வளவனூரும், திண்டிவனத்திலிருந்து அதே ஊருக்குச் செல்லும் சாலையிலுள்ள கிளியனூரும் நெடுநாளாக ஒரே வகையான கஷ்டத்தை அனுபவித்து வருகின்றன. எல்லைக்கு அப்பால் கலால் வரி வேறு, ஆகவே மதுவின் விலையும் வேறு. சனி, ஞாயிறு மாலைகளில் மதகடிப்பட்டைத் தாண்டி மேற்கே திரும்பும் வண்டிகளில் சில எந்த நிலையில் ஓட்டப்படுகின்றன என்பதைச் சாலையோர டீக்கடைக்காரரும், பங்க்கில் பெட்ரோல் போடும் இளைஞரும், கடைசிப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்மார்களும் நன்கு அறிவார்கள். தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 15.12.2016 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று விதித்துக் கடைகளை விலக்கி வைத்ததேயன்றி, குடித்துவிட்டு வண்டியில் ஏறுகிறவனை விலக்கி வைக்கவில்லை. அவனைத் தடுக்கப் போலீசாருக்குக் கண்ணும் காதுமாக இருக்கக்கூடியவர்கள் மேலே சொன்ன சாதாரண ஜனங்களே.

ஆனால் அவர்கள் பேசுவதில்லை. ஏன் பேசவில்லை என்று கேட்டால், சட்டத்தொழில் செய்யும் நம்மிடம் அவர்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: “சொன்னா என் பேர் வெளியே வந்துடுமே, சார்?” இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நியாயமன்று, பெயர் எவ்வாறு வெளியே வருகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் அச்சத்தின் காரணம் விளங்கும். நூறு எண்ணுக்கு ஒருவர் பேசுகிறார். வண்டியின் எண், நிறம், போகும் திசை ஆகியவற்றோடு பேசியவரின் பெயரும் ஊரும் கேட்டு எழுதப்பட்டு, மைக்கில் அத்தனையும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. ரோந்தில் இருக்கும் காவலர் வண்டியை மறித்த பிறகு, ஓட்டி வந்தவன் அருகில் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தக் கைப்பேசி எண்ணை அழைத்து, “நீங்கதானே போன் பண்ணது? எங்கே நிக்கறீங்க?” என்று உரக்கக் கேட்டுவிட்டால், ரகசியம் அந்த இடத்திலேயே முடிந்தது. அதற்குப் பின் நிலையத்தில் சி.எஸ்.ஆர். போடுவதற்காகத் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் எழுதப்படுவதும், வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றப்படுவதும் வெறும் தொடர்ச்சிகளே. அவ்வாறு ஏற்ற வேண்டும் என்பது யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 7.9.2016 அன்று உச்ச நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையைக் காக்க இட்ட கட்டளை, நல்ல கட்டளைதான். ஆயினும் வளவனூர் போன்ற ஊரில், ஒருவரது பெயரோடு தெருவும் கதவு எண்ணும் உலகறிய வெளியிடப்படுவதன் விளைவு, சென்னையில் ஓர் அடுக்குமாடியில் வசிப்பவருக்கு நேரும் விளைவைப் போன்றதன்று. இங்கே ஓட்டியவனின் மாமனும் தகவல் சொன்னவரும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள்.

இத்தனைக்கும் அவர் பெயர் வழக்குக்குத் தேவைப்படுகிறதா? தேவையே இல்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவு கேட்பது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்ததா என்ற ஒன்றைத்தான். 203-ஆம் பிரிவின்படி, நியாயமான சந்தேகம் ஏற்பட்ட மாத்திரத்தில் சீருடையிலுள்ள அதிகாரி மூச்சுப் பரிசோதனைக்கு உட்படச் சொல்லலாம். தம் முன்னிலையில் குற்றம் செய்தவனைப் பிடியாணையின்றிக் கைது செய்ய 202-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கைதானவனை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆகவே சாட்சிகள் யாரென்று பார்த்தால், கருவியின் அச்சுச்சீட்டு, அதை எடுத்த உதவி ஆய்வாளர், சான்று தந்த அரசு மருத்துவர் ஆகியோரோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. டீக்கடைக்காரரின் சொல் ‘நியாயமான சந்தேகம்’ என்ற கதவைத் திறந்துவிட்டதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. உதவி ஆய்வாளர் தாமே புகார்தாரராக நின்று வழக்கைப் பதியலாம். புகார் கொடுத்தவரே புலனாய்வும் செய்தார் என்ற காரணம் மட்டுமே வழக்கைக் கெடுத்துவிடாது என்று முகேஷ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு 31.8.2020 அன்று தெளிவாக்கிவிட்டபடியால், அதற்கென்று வெளியாள் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டிய நிர்ப்பந்தமும் இன்று இல்லை.

இவ்விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்த்த நவரெட் வழக்கை நம் இளம் வழக்குரைஞர்கள் படித்துப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில், ஒரு வண்டி தம்மைச் சாலையை விட்டே தள்ளிவிட்டதாக யாரோ ஒருவர் அவசர எண்ணுக்குச் சொல்ல, பேசியவர் யாரென்று வழக்கில் நிறுவப்படாமலே, போலீசார் அந்த வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியது செல்லுமா என்ற கேள்விக்கு ஐவர் செல்லும் என்றும், நால்வர் செல்லாது என்றும் கூறினார்கள். நிறுத்திய பிறகு கண்டதைப் போலீசாரே நிரூபிக்கட்டும் என்ற பெரும்பான்மையோரின் போக்கு நம் 203-ஆம் பிரிவின் அமைப்போடு இயல்பாகப் பொருந்துகிறது.

நம் சட்டத்திலும் ரகசியத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. குற்றம் நடந்த செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி எந்தப் போலீஸ் அதிகாரியையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு கூறியது, 1.7.2024 முதல் அந்த விதி பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 131-ஆம் பிரிவாக நிலவுகிறது. சட்டம் நிறைவேற்றுவோருக்கு நம்பிக்கையின்பேரில் தரப்பட்ட தகவலின் மூலத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை மறுக்கலாம் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி). எனினும் அதிகாரியின் வாயைக் காக்கும் இந்தப் பிரிவுகள் அவர் பேனாவைத் தடுக்கவில்லை. எழுதக்கூடாததை அவரே ஏட்டில் எழுதி, அதன் நகலும் எதிரியின் கைக்குச் சேர்ந்த பிறகு, கூண்டில் மௌனம் சாதித்து என்ன பயன்? தொலைபேசியில் வந்த சுருக்கமான செய்தி தானாகவே முதல் தகவல் அறிக்கையாகிவிடாது என்பது பல தீர்ப்புகளில் நிலைபெற்ற கொள்கை. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு மின்னணு வழியில் வரும் தகவலில் மூன்று நாளுக்குள் கையொப்பம் பெற வேண்டும் என்பதைக் காட்டி, போன் செய்தவரையெல்லாம் நிலையத்துக்கு வரவழைக்கும் வழக்கம் தலையெடுத்தால், அடுத்த முறை எவரும் போனைத் தொடமாட்டார்கள்.

இரத்தம் சிந்திய பிறகு நிலைமை வேறு. அடிபட்டவனைத் தூக்கிச் செல்பவருக்கு 2016-இல் சேவ்லைஃப் வழக்கின் தீர்ப்பும், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவும் துணை நிற்கின்றன. தம் பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தலாகாது. விபத்தே நேராமல் தடுக்க முயன்றவர் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார் என்பது சட்டத்தின் பெருங்குறை. மஹேந்தர் சாவ்லா வழக்கில் 5.12.2018 அன்று ஏற்கப்பட்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும், ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக் குற்றங்களையும் பெண்களுக்கு எதிரான சில குற்றங்களையும் மட்டுமே கருதியது. முதல் முறைக்கு ஆறு மாதமும் பத்தாயிரம் ரூபாயுமே உச்சமாக உள்ள 185-ஆம் பிரிவு அதன் வாசலில்கூட நிற்க முடியாது.

விபத்தைக் கண்ணால் கண்டவரின் நிலையும் இதனின்று வேறுபட்டது. மரணம் நேர்ந்து வழக்கு வந்தால் அவர் கூண்டேறித்தான் தீர வேண்டும். எதிரிக்கு அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் குறைக்க நாம் ஒருபோதும் சம்மதியோம். ஆகவே, ‘உங்கள் பெயர் வெளியே வராது’ என்று அவருக்குப் பொய்யான உறுதி கொடுப்பது துரோகம். பெயர் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, கைப்பேசி எண்ணும் கதவு எண்ணும் சம்மன் அனுப்பும் ஏட்டோடு நின்றுவிடும்படி செய்வதே நேர்மை.

அச்சம் கற்பனையானதன்று என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி அதிகாரிகளிடம் மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்த திருமயம் ஜகபர் அலி, 2025 ஜனவரியில் டிப்பர் லாரி மோதி இறந்தார்; அது கொலை வழக்காக மாறிக் குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். அதற்கு முன் 2003-இல், நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதித் தம் பெயரை வெளியிட வேண்டாமென்று வேண்டிய பொறியாளர் சத்யேந்திர துபே கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியே காரணமென்று புலனாய்வு முடிவு செய்தபோதிலும், அவர் மறைக்கச் சொன்ன பெயர் கடிதத்தோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி வந்தது என்ற வேதனை இன்றும் ஆறவில்லை.

முன்பகை காரணமாகப் பொய்த் தகவல் தருவார்களே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். குடிக்காதவன் கருவியில் ஊதி ஐந்து நிமிஷத்தில் வீடு போய்ச் சேருவான். வேண்டுமென்றே பொய் சொன்னவனைத் தண்டிக்க நியாய சன்ஹிதாவின் 217-ஆம் பிரிவு இருக்கிறது. அழைத்த எண் கட்டுப்பாட்டு அறையில் பத்திரமாக இருந்தால் போதும், மைக்குக்கும் நிலையத்துக்கும் அது வர வேண்டியதில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஓர் உத்தரவின் மூலம் இதைச் செய்துவிடலாம். புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

நம் தரப்பிலும் கடமை இருக்கிறது. 185-ஆம் பிரிவு வழக்கில் ஆஜராகும் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் உதவி ஆய்வாளரைப் பார்த்து, கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது, இரண்டு மணி நேரக் கெடு காக்கப்பட்டதா, அச்சுச்சீட்டில் கையெழுத்து யாருடையது என்றெல்லாம் கேட்டு வழக்கை உடைக்கட்டும்; அது அவர் தர்மம். “உங்களுக்குப் போன் செய்தது யார்?” என்ற கேள்வி பெரும்பாலும் கட்சிக்காரரின் உறவினர் பின்பெஞ்சிலிருந்து எழுதியனுப்பும் சீட்டிலிருந்து பிறக்கிறது. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அவர் கையில் இருக்கிறது. அவர் கேட்டுவிட்டால் 131-ஆம் பிரிவைச் சொல்லி உடனே எழுந்து ஆட்சேபிக்க வேண்டியவர் அரசு உதவி வழக்குரைஞர். அவரும் அயர்ந்திருந்தால், பதில் பதிவாகும் முன் கேள்வியை நிறுத்திவிடும்படி நடுவர்களை வேண்டிக்கொள்கிறோம்.