லாச்சிக்குள் கிடக்கும் 14 நாட்கள்

வீட்டைத் திருத்தும்படி ரொறன்ரோ மாநகரசபை அனுப்பும் உத்தரவை, எங்கட ஆக்கள் சிலர் பயத்தில் லாச்சிக்குள் போட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதுதான் ஆபத்து.

ஒன்ராறியோவின் 1992ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டப்படி, சொத்துப் பராமரிப்பு உத்தரவு கிடைத்து 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். தவறினால் உத்தரவு உறுதியாகிவிடும். அதன்பின்னும் திருத்தாவிட்டால், மாநகரசபையே வேலையைச் செய்வித்துச் செலவை வீட்டு வரியில் சேர்க்கலாம்.

மேன்முறையீட்டை விசாரிப்பது மாநகரசபை நியமிக்கும், மூவருக்குக் குறையாத குழு. அது உத்தரவை நீக்கலாம், மாற்றலாம், கால அவகாசத்தையும் நீட்டலாம். ‘கூரை ஒழுகுறது உண்மை, கையில இப்ப காசில்லை’ என்பவருக்கும் அங்கே இடமுண்டு. முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போகலாம்.

ஆனால் அவகாசம் தட்டிக்கழிக்க அல்ல. கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பதும் எங்கட சனம்தான்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்கு வரும் கடிதத்தை அன்றைக்கே வாசித்துச் சொல்லுங்கோ.