ஏறி வந்த ஏணியை எடுத்துவிட்டவர்: எல் சல்வடோர் சொல்லும் பாடம்

நாட்டில் ஊழல் செய்தியோ பாதாளக் கோஷ்டியின் துப்பாக்கிச் சூடோ வெளியானால், "நமக்கும் ஒரு புக்கேலே வேண்டும்" என்று முகநூலில் எழுதுவோர் இப்போது அதிகம். எல் சல்வடோர் ஜனாதிபதி நயீப் புக்கேலே, பலஸ்தீனிலிருந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்தின் வழித்தோன்றல். அவரது தந்தை இஸ்லாத்தைத் தழுவி, அங்கே இமாமாகவும் பணியாற்றியவர். அதனால் நம்மவர்களுக்கு அவர் மீது தனி ஈர்ப்பும் உண்டு. ஆனால் ஈர்ப்பு வேறு, ஆராய்ச்சி வேறு.

எல் சல்வடோர் நமது நாட்டின் பரப்பளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சனத்தொகை சுமார் 60 இலட்சம். நாடு 14 திணைக்களங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இங்கே திணைக்களம் என்பது நமது மாவட்டம் போன்றது. அதன் ஆளுநரை ஜனாதிபதியே நியமிக்கிறார். எனவே மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் அடிமட்ட அதிகாரம் நகர சபைகளிடம் மட்டுமே இருந்தது. 2024 வரை அவை 262 ஆக இருந்தன.

2023 ஜூன் மாதத்தில் அவற்றை 44 ஆகக் குறைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய 262 சபைகளும் வெறும் 'மாவட்டங்கள்' என்ற பெயருக்கு இறங்கின. உதாரணமாக சன் சல்வடோர், மெஹிகானோஸ், சியுடாட் டெல்காடோ உட்பட ஐந்து சபைகள் இணைந்து 'மத்திய சன் சல்வடோர்' ஆயின. ஐந்து மேயர்கள் இருந்த இடத்தில் இன்று ஒருவர்.

இதற்கு நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊருக்கும் தனி மேயர், தனி ஊழியர், தனிச் செலவு என்பது வீண்விரயம்தான். ஆனால் கூடவே நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 இல் சபைகளுக்குச் செல்லும் அரச வருமானப் பங்கு 10 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஊர் வேலைகள் மத்திய அரசின் கைக்குப் போயின. தேர்தலுக்கு எட்டு மாதங்களே இருக்கும்போது பாராளுமன்ற ஆசனங்களும் 84 இலிருந்து 60 ஆகின. பெரிய கட்சிக்குச் சாதகமான ஆசனப் பங்கீட்டு முறையும் புகுத்தப்பட்டது. விளைவு, 2024 இல் சுமார் 70 சதவீத வாக்குகளைப் பெற்ற ஆளுங்கட்சிக்கு 54 ஆசனங்கள், அதாவது 90 சதவீதம்.

நீதித்துறையின் கதை அதற்கும் முந்தியது. 2021 மே 1 ஆம் திகதி, புதிய பாராளுமன்றம் கூடிய முதல் நாளிலேயே, அரசியலமைப்பு மன்றத்தின் ஐந்து நீதியரசர்களும் சட்டமா அதிபரும் நீக்கப்பட்டனர். புதிதாக நியமிக்கப்பட்டவர்கள் அதே ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதியின் தொடர் மறுதேர்வுக்கு வழிவிட்டனர். 2025 ஜூலையில் 57 பேரின் வாக்குகளால் பதவிக்கால வரையறையே அகற்றப்பட்டது. பதவிக்காலம் ஐந்து ஆண்டுகளிலிருந்து ஆறாக நீண்டது. இரண்டாம் சுற்று வாக்கெடுப்பும் ஒழிந்தது.

மறுபக்கத்தில், 2015 இல் ஆறாயிரத்துக்கும் அதிகமான கொலைகள் நடந்த நாட்டில், அரச கணக்கின்படி 2024 இல் 114 கொலைகளே நடந்தன. மாலையில் பிள்ளையை வெளியே அனுப்பப் பயந்த தாய்க்கு இது சிறிய விடயமல்ல. ஆனால் 2022 மார்ச்சில் 30 நாட்களுக்கெனப் பிறப்பித்த அவசரகால நிலை மாதந்தோறும் நீடிக்கப்பட்டு, எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாகினர். குற்றமற்ற ஒருவர் அதில் சிக்கினால் அவரது குடும்பம் யாரிடம் போய் முறையிடும்? சுயாதீன நீதிமன்றமும் எதிர்க்கட்சியும் ஊர் மேயரும் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான்.

புக்கேலே 2012 இல் அரசியலில் காலடி வைத்தது நுவேவோ குஸ்கட்லான் என்ற சிறு நகர சபையின் மேயராகத்தான். அங்கே பெயர் எடுத்தே தலைநகரின் மேயரானார், பின்னர் ஜனாதிபதியானார். அந்தச் சபை இன்று இல்லை. அது இப்போது 'கிழக்கு லா லிபர்டாட்' சபையின் ஒரு பகுதி. நாளை இன்னொரு இளைஞன் அதே வழியில் வந்து அவரையே கேள்வி கேட்க விரும்பினால், ஏறத் தொடங்கும் முதற்படியே இல்லை.

நாமும் 2010 இல் 18 ஆவது திருத்தத்தின் மூலம் பதவிக்கால வரையறையை நீக்கிய நாட்டினர்தான். 2015 இல் 19 ஆவது திருத்தம் அதனை மீட்டது. வாக்குச் சீட்டு மூலம் ஆட்சியை மாற்றும் வழி அடைபடாமல் இருந்ததாலேயே அது சாத்தியமானது. எல் சல்வடோரின் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2027 இற்கு முன்தள்ளப்பட்டுள்ளது. புக்கேலே போன்ற ஒருவரை நமக்கும் கேட்பவர்கள், அவரை விரும்பாத ஒரு நாளில் அவரை அனுப்பிவைக்கும் வழி எது என்பதையும் சேர்த்தே கேட்கட்டும்.