ஒரு படிவம்... இரண்டு சொற்கள்!

வெளிநாட்டுப் பயணம் முடிந்து விமானத்திலிருந்து இறங்கினால், சில நாடுகளில் ஒரு சின்னப் படிவம் கொடுப்பார்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எங்கே வசிக்கிறீர்கள்... பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் நிரப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவார்கள்.

அமினத்து ஹைதரால் அப்படிப் போக முடியவில்லை.

2009 நவம்பர் 13. ஆப்பிரிக்காவின் வடமேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய லாயூன் நகரம். நியூயார்க்கில் ஒரு விருது வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார் அமினத்து. வீட்டில் அம்மாவும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். படிவத்தில் வசிக்கும் இடத்துக்கு நேரே அவர் எழுதியது இரண்டே சொற்கள்: ‘மேற்கு சஹாரா’.

அதிகாரிகள் எதிர்பார்த்த சொல் ‘மொராக்கோ’. மாற்றி எழுத அவர் மறுத்தார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மறுநாள் விமானத்தில் ஏற்றி, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்ஸரோட்டே தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பாஸ்போர்ட் இல்லாமல் அவரை உள்ளே விட்டது ஸ்பெயின். அவரிடம் அந்த நாட்டின் குடியிருப்பு அனுமதி இருந்தது. ஆனால் ஊருக்குத் திரும்ப விமானம் ஏறப்போனபோது, “பாஸ்போர்ட் இல்லையே” என்று தடுத்துவிட்டார்கள். உள்ளே வர வேண்டாத பாஸ்போர்ட், வெளியே போக மட்டும் வேண்டுமாம்!

அந்த விமான நிலையத்திலேயே பாயை விரித்து உட்கார்ந்தார் அமினத்து. உண்ணாவிரதம். சர்க்கரை கலந்த தண்ணீர் மட்டும்.

யார் இந்தப் பெண்?

மேற்கு சஹாரா சுமார் 90 ஆண்டுகள் ஸ்பெயினின் காலனியாக இருந்தது. மணல்தானே என்று நினைக்க வேண்டாம். பூக்ரா சுரங்கத்தில் உரத்துக்கான பாஸ்பேட். அதைச் சுமந்துகொண்டு சுமார் 100 கிலோமீட்டர் தூரம் கடற்கரை வரை ஓடும் கன்வேயர் பெல்ட். கடலில் அள்ள அள்ள மீன்.

1975-ல் ஸ்பெயின் கிளம்பத் தயாரானபோது, “இது எங்கள் முன்னோர் ஆண்ட நிலம்” என்றது மொராக்கோ. அந்த ஊர்ப் பழங்குடிகள் சிலர் மொராக்கோ சுல்தானுக்கு விசுவாசமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த உறவு நிலத்தின் மீது இறையாண்மை தராது, மக்களின் சுயநிர்ணய உரிமையை மாற்றாது என்று கருத்துச் சொன்னது சர்வதேச நீதிமன்றம். அடுத்த மாதமே சுமார் 3,50,000 மொராக்கோ மக்கள் எல்லை தாண்டி நடந்தார்கள். ‘பசுமைப் பேரணி’ என்று பெயர். கூடவே ராணுவமும் வந்தது.

சஹ்ராவி மக்களின் பொலிசாரியோ முன்னணி 16 ஆண்டுகள் ஆயுதப் போர் நடத்தியது. பல்லாயிரம் பேர் அகதிகளாக அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்துக்கு ஓடினார்கள். முகாம்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் லாயூன், ஸ்மாரா, தாக்லா... எல்லாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள்! நடுவே மொராக்கோ எழுப்பிய மணல் அரண், சுமார் 2,700 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணிவெடிகளோடு நிற்கிறது.

அமினத்து இந்தப் பக்கம், லாயூனிலேயே வளர்ந்தவர். 1987-ல் ஐ.நா. குழு ஒன்று வரவிருந்த சமயம், சுயநிர்ணய உரிமை கேட்டு அமைதியாகப் போராடக் கிளம்பிய இளைஞர்களில் ஒருவர். அப்போது அவருக்குச் சுமார் 20 வயதுதான். பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. எங்கே இருக்கிறார் என்று வீட்டுக்கும் தெரியாது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், கண்ணைக் கட்டியே வைத்திருந்தார்கள். 1991-ல் வெளியே வந்தார்.

அதே ஆண்டுதான் போர் நிறுத்தம். “விடுதலையா, மொராக்கோவோடு இணைப்பா? மக்களே வாக்களிக்கட்டும்” என்றது ஐ.நா. ஆனால், யாருக்கெல்லாம் ஓட்டு என்ற பட்டியல் தகராறிலேயே வருடங்கள் ஓடின. 2005-ல் மீண்டும் வீதிப் போராட்டம். அடியில் அமினத்துவின் மண்டை உடைந்தது. ஏழு மாதச் சிறை. அவர் கையில் கடைசிவரை ஆயுதம் இல்லை. ‘சஹ்ராவி காந்தி’ என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

32 நாட்கள்

விமான நிலையத்தில் நாட்கள் நகர்ந்தன. சிறை தந்த வயிற்றுப் புண் வேறு. எழுந்து நிற்க முடியாமல் சக்கர நாற்காலிக்கு மாறினார். அதே தீவில் வசித்த நோபல் எழுத்தாளர் ஜோசே சரமாகோ, 87 வயதில் அவரைத் தேடிவந்து பார்த்தார்.

அகதி அந்தஸ்து தருகிறோம், வேண்டுமானால் குடியுரிமையே தருகிறோம் என்றது ஸ்பெயின். ஐரோப்பியப் பாஸ்போர்ட்! அமினத்து மறுத்தார். சொந்த வீட்டில் அந்நியராக வாழச் சம்மதமில்லை என்பதுதான் அவர் பதில். பிள்ளைகளை நினைத்தாவது சாப்பிடக் கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. தலைகுனிந்த அம்மாவாகத் திரும்பிப் போக அவர் தயாராக இல்லை.

டிசம்பர் 4-ம் தேதி விமானத்தில் ஏற்றியும்விட்டார்கள். லாயூனில் இறங்க அனுமதி இல்லை என்று தகவல் வர, மறுபடியும் இறக்கினார்கள்.

அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் மொராக்கோவிடம் பேசின. டிசம்பர் 17. உடல்நிலை மோசமாகி மருத்துவமனையில் இருந்தவரை, அன்றிரவே விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். 32 நாட்களுக்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

இன்னும்...

அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. 2007-ல் மொராக்கோ முன்வைத்த ‘சுயாட்சி’ திட்டத்துக்கு அமெரிக்கா, ஸ்பெயின், பிரான்ஸ் ஆதரவு கிடைத்திருக்கிறது. விடுதலையும் ஒரு தேர்வாக இல்லாத திட்டம் எதற்கு என்று கேட்கிறது பொலிசாரியோ. 1985-ல் சஹ்ராவி குடியரசை அங்கீகரித்த இந்தியா, 2000-ல் அதை விலக்கிக்கொண்டது. 2020-ல் போர் நிறுத்தமும் முறிந்தது.

மறுபக்கம், சஹ்ராவி மக்களின் சம்மதம் இல்லாமல் அவர்களின் மீனையும் விளைபொருளையும் சேர்த்து ஒப்பந்தம் போட்டது செல்லாது என்று 2024 அக்டோபரில் தீர்ப்பளித்தது ஐரோப்பிய நீதிமன்றம். 2019-ல் ‘மாற்று நோபல்’ எனப்படும் விருதை அமினத்துவுக்கு அளித்தது ஸ்வீடனைச் சேர்ந்த அமைப்பு.

திந்தூஃப் முகாம்களில் மூன்றாவது தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். லாயூன் என்ற முகாமில் பிறந்து, லாயூன் என்ற ஊரைப் பார்க்காதவர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.