நிலையத்திலே ஆள் இல்லை, வாசலிலே வரிசை!

ஆடு களவு போய்விட்டதென்று முறையிடக் காவல் நிலையத்துக்குப் போகிறார் ஒரு குடியானவர். "ஏட்டையா பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், ரைட்டர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வா" என்கிறார் பாரா நிற்கும் காவலர். மறுநாளும் அதே பதில். ஆடு போனது ஒரு நஷ்டம். இரண்டு நாள் கூலி போனது மற்றொரு நஷ்டம். அந்தக் காவலர்மீது கோபம் வருவது இயற்கை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லையே! நிலையத்திலே ஆள் இல்லை என்பதுதானே உண்மை!

எத்தனை ஆள் இல்லை? நாம் கணக்குச் சொன்னால் கட்சிப் பேச்சு என்பார்கள். ஆகவே மத்திய சர்க்காரின் போலீஸ் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியகம் தந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி, இந்தியா முழுவதிலும் மாநிலப் போலீசுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 26,23,225. பணியில் இருந்தவர்களோ 20,91,488 பேர். காலி இடங்கள் 5,31,737. அதாவது, ஐந்து இடங்களிலே ஒன்று காலி! லட்சம் மக்களுக்கு 195 காவலர் தேவை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டு ஏட்டிலே எழுதி வைத்திருக்கிறது. நாட்டிலே இருந்தவர்கள் ஏறத்தாழ 156 பேர்தான்.

அந்த ஐந்தாவது ஆளின் வேலை என்ன ஆகிறது? மற்ற நால்வரின் தலையிலே ஏறுகிறது. 2014இல் அதே பணியகம் வெளியிட்ட ஆய்வு, காவல் நிலையங்களில் பணியாற்றுவோரில் ஏறத்தாழ 90 சதவிகிதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள் என்றது. மாதத்தில் ஒரு நாள்கூட வார ஓய்வு கிடைக்காதவர்கள் பத்துக்கு ஏழு பேருக்கும் அதிகம். எட்டு மணி நேர வேலை என்பது பாட்டாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை. மே தின ஊர்வலத்துக்குக் காவலாக நடந்து வருகிறாரே அந்தக் காவலர், அவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை!

சரி, ஆள் கிடைக்கவில்லையா? உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் 60,244 காவலர் இடங்களுக்குத் தேர்வு நடந்தது. விண்ணப்பித்தவர்கள் 48 லட்சம் பேருக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 80 பேர்! நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளையைப் படிக்க வைத்த ஏழைகள் அந்தக் கூட்டத்திலே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! வினாத்தாள் கசிந்தது, தேர்வு ரத்தாயிற்று, ஆகஸ்டிலே மறுதேர்வு நடந்தது. உள்ளே காலியிடம், வெளியே வேலையில்லாத வாலிபர் பட்டாளம், இரண்டுக்கும் நடுவே ஓர் ஒழுங்கான தேர்வு நடத்தத் தெரியாத ஆட்சி!

டில்லியைக் கேட்டால், போலீஸ் மாநிலப் பட்டியலிலே உள்ள விஷயம் என்று கைகழுவுகிறது. மாநிலத்தைக் கேட்டால், நிதி எங்கே என்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களை அழைத்து, காலியிடங்களை நிரப்பக் கால அட்டவணை கேட்கவேண்டி வந்தது. நீதிமன்றம் விரட்டித்தான் நாற்காலி நிரம்பவேண்டுமா?

நிரம்பிய இடங்களாவது மக்களுக்குப் பயன்படுகின்றனவா? அதிகாரி வீட்டிலே காவலரை எடுபிடியாக வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழகம் 1979இலேயே ஒழித்தது. ஒழித்தது காகிதத்திலே! 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்துக் கேள்வி கேட்கவேண்டியதாயிற்று. சம்பளப் பட்டியலிலே அவர் காவலர். சமையற்கட்டிலே அவர் வேலையாள். குடியானவரின் ஆட்டைத் தேடுவது யார்?

நண்பர்கள் சிலர் நம்மைக் கேட்கக்கூடும்: "தடியடி பட்டவர்கள் நீங்கள்; போலீசைப் பெருக்கச் சொல்வதும் நீங்களா? தடி கூடினால் அடியும் கூடாதா?" நியாயமான ஐயம். 1857 கிளர்ச்சிக்குப் பின், ஆள்வோருக்கு அடங்கிய படையாகப் போலீசை அமைக்க வெள்ளையன் 1861இல் சட்டம் செய்தான். அந்த மனப்பான்மை மாறாமல் தலையை மட்டும் எண்ணிப் பயனில்லை. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். பதினாலு மணி நேரம் வெயிலிலே நின்றவர், இரவிலே ஒரு வழக்கைத் துப்புத் துலக்க உட்கார்ந்தால், சாட்சியைத் தேடுவது கடினம். கைதியை அடிப்பது சுலபம். ஓய்வில்லாத போலீசிடம் நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா? அடிக்கு அதுவே சமாதானம் ஆகிவிடாது. அடித்தவர் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் அடி குறையவேண்டுமானால், புலனாய்வுக்குத் தனி ஆள் வேண்டும். பிரகாஷ் சிங் வழக்கிலே 2006இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: புலனாய்வு வேறு, சட்டம் ஒழுங்கு வேறு என்று பிரியுங்கள் என்றது. ஆளே இல்லாத நிலையத்திலே எதை எதிலிருந்து பிரிப்பது?

ஆகவே நாம் கேட்பது பெரும்படை அல்ல. ஆண்டுதோறும் ஓய்வு பெறுவோரின் கணக்குப் பார்த்து, ஆண்டுதோறும் தவறாமல் ஆள் எடுங்கள். கசியாத தேர்வு நடத்துங்கள். பங்களாவிலே இருக்கும் காவலரை நிலையத்துக்கு அனுப்புங்கள். எட்டு மணி வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள்.

வாசலிலே நிற்கும் வாலிபனும் கேட்கிறான், ஆட்டைத் தொலைத்த குடியானவரும் கேட்கிறார். இருவருக்கும் பதில் ஒன்றுதான்: அந்தக் காலி நாற்காலியை நிரப்புங்கள்!