சக்கரத்தின் நட்டும் நம் கவனமும்

இவ்வாண்டு பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, அல்சூரில் வசிக்கும் என் மைத்துனன் தன் காருடன் வாயிலில் வந்து நின்றான். "மாமா, வேகம் கூடினால் பின்பக்கம் தடதடவென்கிறது" என்றான். மனைவியையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு ஓசூர் வழியே திருவண்ணாமலைக்குப் புறப்பட இருந்தவன் அவன். குனிந்து பார்த்தோம். இடப்புறத்துப் பின்சக்கரத்தில் நான்கு நட்டுகளுக்கு மூன்றே இருந்தன. நான்காவது இடத்தில் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் முளை, முறிந்து குட்டையாய் நின்றது.

அது இரண்டாம் கையாக வாங்கிய ஹோண்டா சிட்டி. முந்தைய உரிமையாளர் அழகுக்காக வெளிக்கடை அலாய் சக்கரங்களை மாட்டி, பழைய நட்டுகளையே முடுக்கிவிட்டிருந்தார். பிழை அங்கேதான். ஹோண்டா தன் சக்கரத்துக்குத் தரும் நட்டின் அடிமுகம் பந்துபோல் உருண்டிருக்கும். வெளிக்கடை அலாய்களில் பெரும்பாலும் 60 பாகைச் சாய்வுடைய கூம்புக் குழியே இருக்கும். உருண்டையைக் கூம்பில் வைத்தால் மெல்லிய வளையம் அளவுக்கே தொடும். முடுக்கிய அன்று இறுகியதுபோல் தோன்றிப் பின்னர் தளரும். டொயோட்டாவின் சொந்த அலாய்கள் சிலவற்றிற்குத் தட்டை வாஷர் நட்டு உண்டு. அதுவும் கூம்புக் குழிக்கு ஆகாது.

வண்டியின் பாரத்தை ஸ்டட்டுகளே தாங்குகின்றன என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அப்படியன்று. நட்டு இறுகும்போது ஸ்டட் மயிரிழை நீண்டு, சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே சக்கரத்தை நிறுத்தி வைக்கிறது. நட்டு தளர்ந்தால் சக்கரம் அசைகிறது. ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, இறுதியில் கம்பிபோல் முறிகிறது. ஒன்று முறிந்தால் அதன் பாடும் மற்ற மூன்றின்மேல் விழும். ஆதலால் அச்சக்கரத்தின் நான்கையும் மாற்றிவிடுவதே நலம்.

ஜே.சி. ரோட்டுக்குச் சென்றோம். முதற் கடையில் "எல்லாம் 12 தான் ஐயா" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார்கள். 12 மில்லிமீட்டர் என்பது தடிமன் மட்டுமே. மாருதி வண்டிகளின் மரை இடைவெளி 1.25, ஹோண்டா, ஹூண்டாய், டொயோட்டாவுக்கு 1.5. மாறிப்போனால் நட்டு இரண்டு மூன்று சுற்று இனிதே ஏறிப் பிறகு பிடிக்கும். அங்கே காற்றுத் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் மரை அழியும். ஆகவே கையாலேயே கடைசிவரை சுழற்றிப் பார்த்து வாங்க வேண்டும். அலாயின் தடிப்புக்குப் பின் ஸ்டட்டின் நீளம் போதுமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்: 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.5 மரையானால் நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும், 1.25 ஆனால் பத்துச் சுற்று. வோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்போருக்கு இக்கவலை வேறு விதம். அவற்றில் ஸ்டட்டே இல்லை, ஹப்பினுள் போல்ட்டைத் திருகுவார்கள்.

பழைய ஸ்டட்டை வெளியிலிருந்து உள்நோக்கித் தட்டி எடுத்து, புதியதைப் பின்புறமிருந்து நுழைக்கிறார்கள். அதன் கழுத்திலுள்ள வரிப்பற்கள் ஹப்பின் துளையைக் கடித்துக்கொள்ளும். எலகங்காவில் 1984-இல் தொடங்கிய ரயில் சக்கரத் தொழிற்சாலையில் சக்கரத்தை அச்சில் ஏற்றுவதும் இத்தகைய இறுக்கத்தால்தான். அங்கே நட்டு என்பதே இல்லை. (எங்கள் இலாகாவின் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பொறுத்தருள்க.) வாஷர்களை அடுக்கி, பழைய நட்டு ஒன்றால் மெல்ல இழுத்து, ஸ்டட்டின் தலை ஹப்பில் படியும்வரை முடுக்க வேண்டும். அலாய் சக்கரத்தையே மாட்டி இழுத்தால் அதன் குழி கெடும். பல் தேய்ந்து ஸ்டட் சும்மா சுழன்றால் ஹப்பையே மாற்ற வேண்டும்.

மரைக்கு எண்ணெய் தடவலாமா என்று மைத்துனன் கேட்டான். கூடாது. குறித்த முறுக்கு உலர்ந்த மரைக்கே உரியது. எண்ணெய் பட்டால் அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். அவன் வண்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 11 கிலோ தொங்கும் அளவு. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் காண்க. எதிரெதிர் நட்டாக இரண்டு மூன்று தவணையில் முடுக்கினோம்.

புது நட்டு முதல் நூறு கிலோமீட்டருக்குள் சற்றே படியும். ஆதலால் ஒரு டார்க் ரெஞ்சையும் வாங்கி டிக்கியில் வைத்தனுப்பினேன். கிருஷ்ணகிரியில் குழந்தைகள் இட்லி உண்ணும் நேரத்தில், சக்கரம் ஆறியபின் அவன் பதினாறு நட்டுகளையும் பார்த்தானாம். ஒன்று மட்டும் கால் சுற்று நகர்ந்ததாகத் தொலைபேசியில் சொன்னான்.