எழுபது வளைவுக்கு மேலே ஒரு வாஷிங் மெஷின்

நாலு நாளாகியும் காயாத பள்ளிக்கூடச் சட்டை எப்படி வாடை அடிக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஐப்பசி பிறந்துவிட்டால் கொல்லிமலையில் கொடித் துணியைத் தேடி மூடுபனிதான் வரும், வெயில் வராது. அந்த வாடை தாங்காமல்தான் வாஷிங் மெஷின் வாங்க நாமக்கல் கிளம்பினேன். அடிவாரத்துக் காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கியதில் பாதித் தலைசுற்றல். மீதியைக் கடைப் பையன் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, இதுல ஏஐ இருக்கு, வைஃபை இருக்கு, பதினாலு புரோகிராம் இருக்கு."

எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று வகைத் துணிதான் தம்பி: பள்ளிக்கூடத் துணி, காட்டுத் துணி, கம்பளி. காட்டுத் துணியில் செம்மண்ணும் பலாப்பிசினும் அப்பியிருக்கும். பிசினுக்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டேன். சிரித்தான். எண்ணெய் தொட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், சும்மா கேட்டேன்.

"இன்வெர்ட்டர் மாடல்க்கா" என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். கரண்ட் போனாலும் ஓடும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஓடாதாம். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சங்கதிக்கு அந்தப் பெயராம். வீட்டு பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து வருஷ வாரண்டி என்று கொட்டை எழுத்தில் இருந்ததும் அந்த மோட்டாருக்கு மட்டும்தான். முழு மெஷினுக்கு இரண்டே வருஷம் என்பது அடியில் எறும்பு அளவில் இருந்தது.

முன்பக்கம் கதவு வைத்ததைக் காட்டினான். தண்ணீரைச் சுட வைக்க உள்ளேயே 2,000 வாட் ஹீட்டர். சாயங்காலம் எங்கள் ஊர் வோல்டேஜுக்கு மிக்ஸியே முனகும்.

உருப்படியான கேள்வி ஒன்று கேட்டேன்: தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் வர வேண்டும்? பையன் விழித்தான். கையேட்டைப் புரட்டினால் 0.03 மெகா பாஸ்கலாம். இதைப் படித்து யாருக்குப் புரியும்? ஊருக்குப் போன் போட்டு பிளம்பர் அண்ணனைக் கேட்டேன். "மெஷின் தண்ணி வாங்குற இடத்துலருந்து டேங்க் பத்தடியாவது மேல இருக்கணும்மா" என்றார். ஒரே வரி! எங்கள் வீடு ஒற்றைத் தளம். டேங்க் தண்ணீர் தரையிலிருந்து பன்னிரண்டு அடி, மெஷினின் வாய் மூன்றரை அடி. கழித்தால் எட்டரை. இது தெரியாமல் வாங்கியிருந்தால் ஏஐ தண்ணீர் வரும் வரை யோசித்துக்கொண்டே நின்றிருக்கும். 'மெஷின் வாய்க்குப் பத்தடி மேலே டேங்க் வேண்டும்' என்று பெட்டி மேல் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு வேண்டியது பிழிகிற வேகம். அதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, நானே அட்டை அட்டையாகப் பார்த்தேன். மேலே திறக்கிற ஆட்டோமேட்டிக்கில் நிமிஷத்துக்கு எழுநூறு சுற்றுச் சொச்சம். மூலையில் தூசி படிந்து கிடந்த செமி ஆட்டோமேட்டிக்கில் 1,300! அதன் பிழிகிற தொட்டி சின்னதுதான், அதனால் கணக்கு நேருக்கு நேர் சரியாகாது. இருந்தாலும் ஈரம் நன்றாகவே வடியும். குடத்தில் மொண்டு ஊற்றினாலும் துவைக்கும். விலையும் பாதிக்கும் கீழே.

அதையே கட்டச் சொன்னேன். பையன் முகம் வாடிப்போனது. அட்டையில் ஏழு கிலோ என்று போட்டிருந்தால் அது காய்ந்த துணியின் எடை, நனைந்த கம்பளியின் எடை அல்ல என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கடையிலிருந்து போன்.

"அக்கா, டெலிவரி ஃப்ரீதான். ஆனா காரவள்ளி வரைக்கும்தான்."